காலடி மண்: இரு போர்களுக்கு இடையே அமெரிக்க நாவல்

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் ஓய்ந்தது. அடுத்த போருக்குள் அமெரிக்கா இறங்கியது 1941 டிசம்பரில். இடைப்பட்ட 23 ஆண்டுகளில் அந்நாட்டில் எழுதப்பட்ட நாவல்களில் பத்துப் பன்னிரண்டு இன்றும் உலகின் பல பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கின்றன. அவற்றைப் பற்றிய பேச்சில் கனவு, ஏமாற்றம், போரில் மனம் முறிந்த தலைமுறை ஆகிய சொற்கள் தவறாமல் வரும். அவை பொய்யில்லை. ஆனால் அந்த நாவல்களை வெளிவந்த வரிசையில் எடுத்து வைத்துப் படித்தால், அவற்றின் அடியில் ஓடும் இன்னொரு கதையும் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு வீடோ வயலோ மனையோ கைமாறுகிறது. யார் வாங்கினார், யார் விற்றார், யார் வெளியேற்றப்பட்டார் என்பதிலிருந்தே பாத்திரங்களின் குணமும் போக்கும் பிறக்கின்றன. காலடி மண் நழுவிய ஒரு சமூகத்தின் பத்திரப் பதிவேடு என்றே இந்த நாவல்களைப் படிக்கலாம்.

1920ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது நூற்றுக்கு 51 பேர், நகரவாசிகள் என்று பதிவானார்கள். 2,500 பேர் வாழும் ஊரையும் நகரமென்று சேர்த்துக்கொண்ட கணக்கு அது. என்றாலும், உழவர்களின் நாடு என்று தன்னை எண்ணியிருந்த தேசத்துக்கு அது பெரிய திருப்பம். போர்க்காலத்தில் புஷல் 2 டாலருக்கு மேல் விற்ற கோதுமை 1921இல் ஏறத்தாழப் பாதி விலைக்கு இறங்கியது. நல்ல விலையை நம்பிக் கடன் வாங்கி நிலம் சேர்த்தவர்கள் அடமானத்தில் சிக்கினார்கள். பங்குச் சந்தை சரிந்த 1929க்கு முன்பே கிராமத்தில் நெருக்கடி தொடங்கிவிட்டது.

அந்த 1920இன் அக்டோபரில் சின்க்ளேர் லூயிஸின் ‘மெயின் ஸ்ட்ரீட்’ வெளிவந்தது. லூயிஸ் மினசோட்டா மாநிலத்தின் சாக் சென்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர். அவ்வூரைத்தான் கோஃபர் ப்ரெய்ரி என்று பெயர் மாற்றி நாவலில் வைத்தார். நகரத்தில் நூலகராக இருந்த கேரல், டாக்டர் கெனிக்காட்டை மணந்து அங்கே வருகிறாள். வந்த அன்று ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறாள். 32 நிமிடத்தில் ஊர் முடிந்துவிடுகிறது. தூசி படிந்த கடைக் கண்ணாடிகள், ஈ மொய்க்கும் ஹோட்டல், அழகென்று எதையும் எண்ணிப் பாராத கட்டடங்கள்: அவள் நெஞ்சு சுருங்குகிறது. அதே நாளில், அதே தெருவில், பண்ணையிலிருந்து வேலை தேடி வந்த பீ என்ற ஸ்வீடிஷ் குடியேறிகளின் மகளும் நடக்கிறாள். இத்தனை கடைகளா, இத்தனை மனிதர்களா என்று அவளுக்கு வியப்புத் தாங்கவில்லை. ஒரே தெருவை இரு ஜோடிக் கண்களால் காட்டிய அந்தப் பகுதி லூயிஸ் எழுதியவற்றில் மிகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம். ஊரைப் பழித்தவர் என்று அவரைக் கோபித்தவர்கள் பீயை மறந்துவிட்டார்கள்.

கேரல் ஊரைத் திருத்த முயன்று தோற்கிறாள். வாஷிங்டனுக்குப் போய் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். முடிவில் திரும்பி வருகிறாள். உழவரின் விளைச்சலை வாங்கி விற்றே வாழும் ஊர் வணிகர்கள் அந்த உழவரை எப்படி இளக்காரமாகப் பேசுகிறார்கள் என்பதை நாவல் கூர்ந்து பதிவு செய்கிறது. இரண்டு ஆண்டு கழித்து வந்த ‘பாபிட்’ இன்னும் நேரடியானது. அதன் நாயகன் ஜார்ஜ் பாபிட், ஜெனித் என்ற கற்பனை நகரத்தின் மனை விற்பனையாளன். 46 வயது. எந்தப் பொருளையும் தன் கையால் ஆக்காதவன். வாங்குபவரின் சக்திக்கு மீறிய விலையில் வீட்டைத் தலையில் கட்டுவதில் கெட்டிக்காரன். கிளப், கட்சி, தேவாலயம் எல்லாம் அவனுக்கு வியாபாரத் தொடர்புகளே. ஒருமுறை கலகம் செய்து பார்க்கிறான். சுற்றியிருப்பவர்கள் முகம் திருப்பியதும் அடங்கிவிடுகிறான். அவன் பெயர் ஆங்கில அகராதியில் பொதுச் சொல்லாகவே ஏறிவிட்டது. 1930இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கர் லூயிஸ்தான்.

பாபிட் விற்ற வீடுகள் நடுத்தர வர்க்கத்துக்கு. எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் காட்டியது நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டின் மாளிகைகளை. அவர் 1922 அக்டோபர் முதல் 1924 வசந்த காலம் வரை அங்கே கிரேட் நெக் பகுதியில் குடும்பத்துடன் வாழ்ந்தார். விரிகுடாவுக்கு இப்பக்கம் புதுப்பணக்காரர்களும் சினிமா, நாடகக்காரர்களும். எதிர்ப்பக்கம் பரம்பரைச் செல்வர்கள். 1925 ஏப்ரல் 10 அன்று வெளிவந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’யில் இவை வெஸ்ட் எக், ஈஸ்ட் எக் ஆயின.

இந்த நாவலின் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அக்காலச் சட்டமே பதில். 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை அமெரிக்கா முழுதும் மதுவிலக்கு இருந்தது. மது தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஆனால் மருத்துவர் சீட்டு எழுதினால் மருந்துக் கடையில் விஸ்கி வாங்கலாம். இந்த ஓட்டை வழியாகப் பெரும் கள்ளச் சந்தை வளர்ந்தது. வடக்கு டகோட்டாவின் ஏழைப் பண்ணைக் குடும்பத்தில் ஜேம்ஸ் கேட்ஸாகப் பிறந்தவன் ஜே கேட்ஸ்பியாகி மாளிகை வாங்கி ஆள்வது, மருந்துக் கடை வரிசை ஒன்றை வைத்துச் சாராயம் விற்ற பணத்தில்தான். அவன் கூட்டாளி வுல்ஃப்ஷைம், 1919ஆம் ஆண்டின் பேஸ்பால் உலகப் போட்டியை விலைக்கு வாங்கியவன் என்று நாவல் சொல்கிறது. அந்த மோசடியோடு பேசப்பட்ட சூதாட்டத் தலைவன் ஆர்னால்ட் ராத்ஸ்டைனின் நிழல் அவன்மேல் விழுந்திருக்கிறது. யூதரான அவனை ஃபிட்ஸ்ஜெரால்ட் கேலிச்சித்திரமாக்கியது அக்கால அமெரிக்காவின் பொது வெறுப்பைச் சேர்ந்தது. நாவலின் அழகு அந்தக் கறையை மறைக்காது.

வீடுகளின் கதை இன்னும் நுட்பமானது. கேட்ஸ்பியின் மாளிகையைக் கட்டியவர் ஒரு மதுபான ஆலை அதிபர். அவர் இறந்து, துக்க அடையாளமாகத் தொங்கவிட்ட கறுப்பு மலர்வளையம் கதவில் இருக்கும்போதே பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். சட்டப்படி மது காய்ச்சியவரின் வீடு, சட்டத்தை மீறி மது விற்றவன் கைக்கு வருகிறது. அக்கரையில் பரம்பரைப் பெருமை பேசும் டாம் ப்யூகேனனின் வீடும் பூர்வீகச் சொத்து கிடையாது. எண்ணெய் வியாபாரி ஒருவரிடமிருந்து வாங்கியது. டாமுக்கும் கேட்ஸ்பிக்கும் உள்ள வேறுபாடு பணம் எத்தனை தலைமுறை பழையது என்பது மட்டுமே. டாமின் மனைவியும் கேட்ஸ்பியின் காதலியுமான டெய்சி இறுதியில் அந்தப் பழைய பணத்தின் பக்கமே நிற்கிறாள். காதலின் தோல்வியாக இதைப் படிப்பதுண்டு; சொத்தின் வெற்றியாகப் படித்தால் நாவல் இன்னும் கூர்மையாகும்.

மாளிகைகளிலிருந்து நகரத்துக்குப் போகும் வழியில் சாம்பல் பள்ளத்தாக்கு ஒன்று வருகிறது. சாம்பலே வயலாக விளைந்து, மேடாகவும் வீடாகவும் மனிதராகவும் உருக்கொண்ட இடம். இது கற்பனை இல்லை. புரூக்ளின் வீடுகளின் அடுப்பிலும் கணப்பிலும் எரிந்த நிலக்கரியின் சாம்பலை ஒரு நிறுவனம் ரயில் பெட்டிகளில் ஏற்றி வந்து, ஃப்ளஷிங் ஆற்றோரச் சதுப்பில் பல ஆண்டுகள் கொட்டியது. கொரோனா சாம்பல் மேடு என்பது அதன் பெயர். லாங் ஐலண்ட் ரயிலில் போன ஒவ்வொருவரும் அதைப் பார்த்தார்கள். எழுதத் தோன்றியது ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு. அங்கே ஒரு காரேஜ் வைத்து, டாமின் பழைய காரை வாங்கி விற்றாவது பிழைத்துப் போகலாம் என்று காத்திருக்கும் ஜார்ஜ் வில்சனும் அவன் மனைவி மிர்ட்டிலும்தான் நாவலின் விலை முழுவதையும் கேட்ஸ்பியோடு சேர்ந்து செலுத்துகிறார்கள். மூவரும் சாகிறார்கள், ப்யூகேனன் தம்பதி பெட்டி கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறார்கள். அந்தச் சாம்பல் மேடு 1930களின் பிற்பாதியில் சமப்படுத்தப்பட்டு, 1939ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சி அங்கே நடந்தது. இன்று அது பெரிய பூங்கா. அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் ஆடப்படுவது அங்கேதான்.

அதே 1925இல் தியோடர் டிரைசரின் ‘ஆன் அமெரிக்கன் டிராஜடி’யும் வந்தது. வசதியான இடத்தில் மணம் முடிக்கும் ஆசையில், தன்னால் கர்ப்பமான தொழிற்சாலைப் பெண்ணின் சாவுக்குக் காரணமாகி மின்நாற்காலிக்குப் போகும் கிளைட் கிரிஃபித்ஸின் கதை அது. 1906இல் நியூயார்க் மாநிலத்து ஏரி ஒன்றில் நடந்த கொலை வழக்கிலிருந்து எடுத்தது.

எர்னஸ்ட் ஹெமிங்வேயின் மனிதர்களுக்கு நிலமே கிடையாது. 1926இல் வெளிவந்த ‘தி சன் ஆல்ஸோ ரைஸஸ்’ பாரிஸில் தங்கிவிட்ட அமெரிக்கர், ஆங்கிலேயரின் கதை. ஜேக் பார்ன்ஸ் போரில் பட்ட காயத்தால் ஆண்மை இழந்தவன். அவன் நேசிக்கும் பிரெட் ஆஷ்லி ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போய்க்கொண்டே இருக்கிறாள். இவர்களை ‘தொலைந்த தலைமுறை’ என்பார்கள். அந்தத் தொடரை ஹெமிங்வேக்குச் சொன்னவர் ஜெர்ட்ரூட் ஸ்டைன், அவர் கேட்டது ஒரு காரேஜ் முதலாளியிடம். ஆனால் அவர்கள் அங்கே இருக்க முடிந்ததற்கு மனக்காயம் மட்டும் காரணமில்லை. போருக்கு முன் ஒரு டாலருக்கு 5 ஃபிராங்க் கிடைத்தது. 1926 கோடையில் 40க்கும் மேல். அமெரிக்கப் பத்திரிகைக் கூலி பாரிஸில் ராஜ வாழ்க்கை. ஜேக் பில்களையும் வங்கி இருப்பையும் ஓயாமல் எண்ணுவதை வாசகர் கவனிக்கலாம். 1929இன் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ இத்தாலியப் போர்முனைக் கதை. 1918 ஜூலையில் அங்கே செஞ்சிலுவை ஊழியராக இருந்தபோது காயம்பட்டவர் ஹெமிங்வே; அப்போது அவருக்கு 19 வயதுகூட ஆகவில்லை. நாவலில் வரும் காபரேட்டோப் பின்வாங்கல், மழையும் சேறும் மனிதத் திரளும் ஒன்றாக நகரும் அந்தப் பக்கங்கள், போர் எழுத்தில் இன்றும் தலைசிறந்தவை.

வில்லியம் ஃபாக்னரிடம் மண் மீண்டும் வருகிறது. கடன்பட்ட, சபிக்கப்பட்ட மண்ணாக. மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் வாழ்ந்த அவர், அதைச் சுற்றிய வட்டாரத்தை யோக்னபடாஃபா என்ற கற்பனை மாவட்டமாக்கி நாவல் நாவலாக எழுதினார். ‘அப்சலோம், அப்சலோம்!’ நூலில் அதன் வரைபடத்தையே வரைந்து சேர்த்தார்: பரப்பு 2,400 சதுர மைல், வெள்ளையர் 6,298, கறுப்பர் 9,313, ஒரே உரிமையாளர் தாமே என்றும் எழுதிக் கையொப்பமிட்டார். அந்த மண் அதற்கு முன் சிக்கசா பழங்குடிகளுடையது என்பதையும் அவர் மறைக்கவில்லை. தாமஸ் சட்பென் என்ற அந்நியன் அவர்களிடமிருந்து 100 சதுர மைல் நிலத்தை எப்படியோ எழுதி வாங்கி, அடிமைகளைச் சேற்றில் உழைக்க விட்டு மாளிகை எழுப்பி, ஒரு வம்சத்தை நாட்ட முயல்வதே அந்த நாவல். கறுப்பின இரத்தம் கலந்ததென்று தெரிந்ததும் முதல் மகனைக் கைவிடுகிறான் சட்பென். அந்த ஒரு மறுப்பில் எல்லாம் எரிந்து சாம்பலாகிறது.

அவருடைய பெரும் படைப்பான ‘தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி’ வெளிவந்த நாள் 1929 அக்டோபர் 7. மூன்று வாரத்தில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. ஆனால் அந்த நாவலின் காம்ப்சன் குடும்பம் அதற்கு வெகுகாலம் முன்பே சரியத் தொடங்கிவிட்டது. மூத்த மகன் க்வென்டினை ஹார்வர்டுக்கு அனுப்ப, கடைசியாக எஞ்சிய மேய்ச்சல் நிலத்தை விற்கிறார்கள். அவன் முதல் ஆண்டு முடிவிலேயே தற்கொலை செய்துகொள்கிறான். நிலம் கோல்ஃப் மைதானமாகிறது. நாவல் தொடங்கும்போது, 33 வயதாகியும் குழந்தை மனமே உள்ள பென்ஜி வேலிக்கு இப்பால் நின்று, தன் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த புல்லில் அந்நியர்கள் பந்தடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆட்டக்காரர்கள், மட்டை தூக்கும் பையனை ‘கேடி’ என்று கூப்பிடுகிறார்கள். பென்ஜியின் அக்கா பெயரும் கேடி. அவனிடம் அன்பாக இருந்த ஒரே உடன்பிறப்பு, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவள். கூப்பிடும் குரல் கேட்கும்போதெல்லாம் அவன் ஓலமிடுகிறான். விற்ற நிலமும் இழந்த அக்காவும் ஒரே சொல்லில் சேர்ந்துவிடுகின்றன. குடும்பம் சிதறும்போது சமையலறையில் நின்று அதைத் தாங்கிப் பிடிப்பவள் டில்சி என்ற கறுப்பினப் பணிப்பெண். அவளுக்கு அந்த வீட்டில் ஓர் அங்குலமும் சொந்தமில்லை.

சந்தை விழத் தொடங்கிய மறுநாள், அக்டோபர் 25 அன்று, பல்கலைக்கழக மின்நிலையத்தில் இரவு வேலை பார்த்தபடியே ஃபாக்னர் ‘ஆஸ் ஐ லே டையிங்’ எழுதத் தொடங்கினார். தாயின் சவப்பெட்டியை வண்டியில் ஏற்றி, வெள்ளத்தையும் தீயையும் கடந்து அவள் பிறந்த ஊரின் மண்ணில் புதைக்கப் போகும் ஓர் ஏழைக் குடும்பத்தின் பயணம் அது. தெற்கைப் பற்றி அக்காலத்தில் மிக அதிகமாக விற்றது மார்கரெட் மிட்செலின் ‘கான் வித் தி விண்ட்’ (1936). நிலம்தான் நிலையானது என்ற ஒரே பிடிவாதத்தில் வாழும் ஸ்கார்லெட் ஓஹாரா மறக்க முடியாதவள். ஆனால் அந்த நிலத்தை உழுதவர்களை அடிமை வாழ்வில் நிறைவு கண்டவர்களாகக் காட்டிய நாவல் அது. ஃபாக்னர் தோண்டியெடுத்த பிணத்துக்கு மிட்செல் பட்டுப் போர்த்தினார்.

உழுதவர்களின் பக்கத்திலிருந்து எழுதியவர் ஜோரா நீல் ஹர்ஸ்டன். புளோரிடாவின் ஈட்டன்வில் என்ற ஊரில் வளர்ந்தவர். 1887இல் ஊராட்சி உரிமை பெற்ற அவ்வூரில் மேயர் முதல் காவலர் வரை எல்லாரும் கறுப்பினத்தவர். அமெரிக்காவில் அப்படி உருவான முதல் ஊர்களில் ஒன்று. மானுடவியல் கற்று, தன் மக்களின் கதைகளையும் பேச்சையும் சேகரித்த ஹர்ஸ்டன், ஹைட்டி நாட்டில் தங்கியிருந்தபோது ஏழே வாரத்தில் எழுதிய நாவல் ‘தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’. 1937இல் வெளிவந்தது. கறுப்பின மக்களின் வட்டாரப் பேச்சை வேடிக்கைப் பொருளாக்காமல், அதன் முழு மதிப்போடு எழுத்தில் ஏற்றிய நூல்.

நாயகி ஜேனியின் மூன்று கணவர்களையும் நிலக்கணக்கால் அளக்கலாம். அடிமையாக வாழ்ந்த பாட்டி, பேத்தியின் காலடியில் உறுதியான மண் இருக்க வேண்டும் என்று, 60 ஏக்கர் வைத்திருக்கும் வயதான லோகன் கில்லிக்ஸுக்கு அவளைக் கட்டிவைக்கிறாள். அவன் அவளை ஏர் பிடிக்க வைக்கப் பார்க்கிறான். இரண்டாமவன் ஜோ ஸ்டார்க்ஸ் ஈட்டன்வில்லுக்கு வந்ததும் ரொக்கம் கொடுத்து 200 ஏக்கர் வாங்கி ஊரை விரிவாக்கி, மேயராகி, கடை வைத்து, அவளை அந்தக் கடையில் வாயடைத்து உட்கார வைக்கிறான். மூன்றாமவன் டீ கேக்குக்குச் சென்ட் நிலமும் இல்லை. ஒக்கிசோபி ஏரிக்கரையின் கரிசல் வயல்களில் அவரை பறிக்கும் கூலி. அவனோடுதான் ஜேனி சிரிக்கிறாள், ஆடுகிறாள், வாய்விட்டுப் பேசுகிறாள். பாட்டி கேட்ட பாதுகாப்புக்கும் பேத்தி தேடிய வாழ்வுக்கும் இடையே உள்ள தூரத்தை இவ்வளவு பரிவோடு காட்டிய அமெரிக்க நாவல் அக்காலத்தில் வேறில்லை.

அந்த ஏரிக்கரை வாழ்வை முடித்த புயல் உண்மையில் வீசியது. 1928 செப்டம்பர் 16 இரவு ஒக்கிசோபி ஏரியின் மண்கரை உடைந்து குறைந்தது 2,500 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினக் கூலித் தொழிலாளர்கள். கிடைத்த சவப்பெட்டிகள் வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்டன. வெஸ்ட் பாம் பீச்சில் 674 கறுப்பினத்தவரின் உடல்கள் ஒரே குழியில் அடையாளமின்றிப் புதைக்கப்பட்டன. நாவலில் டீ கேக்கைத் துப்பாக்கி முனையில் பிடித்துப் போய் இந்தப் புதைக்கும் வேலையைச் செய்ய வைக்கிறார்கள். உருக்குலைந்த உடல்களை நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்கிறார்கள். வரலாற்று நூல்கள் அந்தக் குழியை மறந்திருந்த காலத்தில் நாவல் அதை நினைவில் வைத்திருந்தது.

கலிபோர்னியாவின் சலீனஸில் பிறந்த ஜான் ஸ்டைன்பெக் தம் வாழ்நாள் முழுதும் எழுதியது நிலம் கேட்டு நிற்கும் மனிதர்களைத்தான். 1937இன் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ சிறு நூல். பண்ணை பண்ணையாகக் கூலிக்கு அலையும் ஜார்ஜும் லென்னியும் 600 டாலருக்குக் கிடைக்கும் 10 ஏக்கரைக் கனவு காண்கிறார்கள். முயல் வளர்க்க வேண்டும் என்பது லென்னியின் ஆசை. கை காணி நிலத்தை எட்டும் நேரத்தில் எல்லாம் உடைகிறது.

‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ அந்த இருவரைப் பல்லாயிரமாக்கியது. 1930களில் நடுப்பகுதிச் சமவெளியில் வறட்சி; ஆழ உழுது புல்வேர் அறுந்த மண் புழுதிப் புயலாக எழுந்தது. 1935 ஏப்ரல் 14, ஞாயிறன்று பட்டப்பகலை இரவாக்கிய புயல் ‘கறுப்பு ஞாயிறு’ என்று நினைவுகூரப்படுகிறது. ஆயினும் குடிகளை வெளியேற்றியது புழுதி மட்டுமில்லை. விளைபொருள் விலையை உயர்த்த 1933இல் வந்த சட்டம், நிலத்தைத் தரிசாகப் போட்டால் உரிமையாளருக்குப் பணம் கொடுத்தது. குத்தகைக்காரருக்கும் அதில் பங்கு தர வேண்டும் என்பது விதி, பலர் தரவில்லை. வந்த பணத்தில் டிராக்டர் வாங்கிக் குத்தகைக்காரரைத் துரத்தினார்கள். நாவலின் ஜோட் குடும்பம் வாழ்ந்த சாலிசா, ஓக்லஹோமாவின் கிழக்கோரத்தில் உள்ள ஊர். புழுதிப் புயலின் நடுமையத்திலிருந்து வெகு தொலைவு. அவர்களைத் தள்ளியது டிராக்டரும் வங்கியும்தான்.

நாவலின் உயிர்நாடியான காட்சி ஒன்று உண்டு. டிராக்டர் வருகிறது. ஓட்டுபவன் கண்ணாடியும் ரப்பர் முகமூடியும் அணிந்திருப்பதால் ஆள் தெரியவில்லை. மதியம் சாப்பிட இறங்கி முகமூடியைக் கழற்றும்போது, பக்கத்துப் பண்ணைக்காரரின் மகன் என்று குத்தகைக்காரர் அடையாளம் கண்டுகொள்கிறார். உன் சொந்த சனத்துக்கே இதைச் செய்யலாமா என்று கேட்கிறார். நாளுக்கு 3 டாலர் கூலி, வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே என்கிறான் அவன். வீட்டைத் தொட்டால் சுடுவேன் என்கிறார் பெரியவர். என்னைச் சுட்டால் உங்களைத் தூக்கில் போடுவார்கள், அதற்குள் வேறொருவன் டிராக்டரில் வந்துவிடுவான் என்கிறான். அப்படியானால் உத்தரவு போட்டவன் யார்? வங்கி. வங்கிக்கு உத்தரவு? கிழக்கே எங்கோ இருந்து. துப்பாக்கியைப் பிடித்த கை யாரைக் குறிவைப்பது என்று தெரியாமல் நிற்கிறது. முதலாளியத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியவர்கள் சொன்னதை இரண்டு பேரின் மதியப் பேச்சில் ஸ்டைன்பெக் காட்டிவிட்டார். அந்த நிலத்தைத் தங்கள் தாத்தா செவ்விந்தியரைக் கொன்று பிடித்தார் என்று அந்தக் குத்தகைக்காரர்களே உரிமை பேசுவதையும் அவர் விட்டுவைக்கவில்லை. சாலிசா முன்பு செரோக்கி மக்களின் பூமி.

இதை ஸ்டைன்பெக் அறையில் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. 1936இல் ‘சான் ஃபிரான்சிஸ்கோ நியூஸ்’ நாளிதழுக்காக அறுவடைக் கூலிகளின் முகாம்களைச் சுற்றிப் பார்த்து ஏழு கட்டுரைகள் எழுதினார். ஆர்வின் ஊரில் அரசு நடத்திய முகாமின் மேலாளர் டாம் காலின்ஸ் வழிகாட்டினார். தம் அறிக்கைகளையும் கொடுத்தார். 1938 தொடக்கத்தில் வெள்ளத்தில் மூழ்கிய விசேலியா பகுதி முகாம்களில் பட்டினி கிடந்தவர்களை ஸ்டைன்பெக் நேரில் கண்டார். அதே ஆண்டு மே இறுதியில் தொடங்கி அக்டோபர் 26க்குள், ஐந்தே மாதத்தில், நாவலை எழுதி முடித்தார். தலைப்புச் சூட்டியவரும் தட்டச்சு செய்தவரும் மனைவி கேரல். நூலைக் கேரலுக்கும் டாம் காலின்ஸுக்கும் சேர்த்தே காணிக்கையாக்கினார்.

ஜோட் குடும்பம் பழைய ஹட்சன் காரை லாரியாக வெட்டி, 66ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போகிறது. 800 ஆள் தேவை என்ற நோட்டீஸை ஆயிரக்கணக்கில் அச்சடித்து வீசியிருக்கிறார்கள்; ஆள் குவிந்தால் கூலி இறங்கும். எல்லையில் ஓக்லஹோமாக்காரர்களை ‘ஓக்கி’ என்று ஏசுகிறார்கள். 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் நூற்றுக்கு மேற்பட்ட காவலரை மாநில எல்லைக்கே அனுப்பி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி விரட்டியது வரலாறு. குடும்பம் ஒவ்வொருவராகக் கரைகிறது. பாட்டன் வழியிலேயே சாகிறார், பாட்டி பாலைவனத்தில். அதிகாரம் அப்பாவிடமிருந்து அம்மாவின் கைக்கு மாறுகிறது. பிரசங்கியாக இருந்த ஜிம் கேசி வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திக் கொல்லப்படுகிறார். சிறையிலிருந்து வந்தபோது தன்னைப் பற்றி மட்டும் நினைத்த டாம் ஜோட், அவர் விட்ட இடத்தில் தொடரக் கிளம்புகிறான். செத்துப் பிறந்த குழந்தையைப் பறிகொடுத்த ரோஸ் ஆஃப் ஷாரன், பட்டினியால் சாகக் கிடக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தாய்ப்பால் கொடுப்பதோடு நாவல் முடிகிறது. அந்த முடிவை மாற்றச் சொன்ன பதிப்பாளருக்கு ஸ்டைன்பெக் இணங்கவில்லை. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: அதே வயல்களில் அவர்களுக்கு முன்பே உழைத்த மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், ஜப்பான் தொழிலாளர்கள் நாவலில் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை.

நூல் 1939 ஏப்ரல் 14 அன்று, கறுப்பு ஞாயிறு நிகழ்ந்து சரியாக நான்கு ஆண்டு கழித்து வெளிவந்தது. ஆர்வின் முகாம் அமைந்த கெர்ன் மாவட்டத்தின் நிர்வாகக் குழு ஆகஸ்ட் 21 அன்று 4க்கு 1 என்ற வாக்கில் அதைப் பொது நூலகங்களிலும் பள்ளிகளிலும் தடை செய்தது. அம்மாவட்டத்தில் ஒரு பிரதியை எரித்துப் படமும் எடுத்தார்கள். தடையை மாவட்ட நூலகர் கிரெட்சன் நீஃப் எதிர்த்துக் கடிதம் எழுதினார். ஒரு நூலை மறைப்பதால் அது சொல்லும் செய்தி மறையாது என்பது அவர் வாதம். வேலை போகக்கூடும் என்று தெரிந்தும் எழுதிய அவர் பெயர் நாவலாசிரியர் பெயரோடு சேர்த்துச் சொல்லத் தக்கது. தடை 1941 ஜனவரியில்தான் நீங்கியது. அதே ஆண்டு நவம்பரில், ஏழைகள் மாநில எல்லையைக் கடப்பதைத் தடுக்கும் கலிபோர்னியச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது.

இந்தக் காலகட்டத்தின் கடைசிப் பெரிய நாவல்களில் ஒன்று ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ (1940). தெற்கின் வயல்களிலிருந்து வடக்கின் நகரங்களுக்குப் பெயர்ந்த கறுப்பின மக்கள் அங்கே எந்த மண்ணில் நின்றார்கள் என்பதற்கு அதன் முதல் காட்சியே சாட்சி. சிகாகோவின் தெற்குப் பகுதியில், வாரம் 8 டாலர் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. பிக்கர் தாமஸ், தாய், தம்பி, தங்கை நால்வரும் காலையில் கண் விழித்ததும் ஒரு பெருச்சாளியை மூலையில் மடக்கி அடிக்கிறார்கள். பிக்கர் கார் ஓட்டியாகச் சேரும் வீட்டின் முதலாளி டால்டன், கறுப்பினப் பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் நன்கொடை தந்தவர். பெருச்சாளி ஓடும் அந்த அறையின் வாடகையும் சுற்றி வளைந்து அவருடைய மனை நிறுவனத்துக்கே போகிறது. கறுப்பினத்தவருக்கு வீடு விற்பதில்லை என்று அக்காலச் சிகாகோவின் பல தெருக்களில் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். பிக்கர் செய்யும் கொலைகளை ரைட் நியாயப்படுத்தவில்லை. அவனை அந்த அறைக்குள் அடைத்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்.

இந்த நாவல்களில் பலவற்றை அவற்றின் காலம் உடனே கொண்டாடவில்லை. ‘கேட்ஸ்பி’யின் முதல் பதிப்பு 20,870 படிகள், இரண்டாம் பதிப்பில் 3,000. ஃபிட்ஸ்ஜெரால்ட் 1940 டிசம்பர் 21 அன்று 44 வயதில் இறந்தபோது அந்த 3,000இல் சில கிடங்கிலேயே கிடந்தன. போர்க்களத்தில் இருந்த சிப்பாய்களுக்காக 1,55,000 படிகள் இலவசப் பதிப்பாக அச்சான பிறகே நூல் பரவியது. ஃபாக்னரின் நூல்கள் 1940களின் நடுவில் ஏறக்குறைய எல்லாமே அச்சில் இல்லை. 1946இல் மால்கம் கவுலி தொகுத்த தேர்ந்தெடுத்த பகுதிகள் அவரை மீட்டன, 1949ஆம் ஆண்டின் நோபல் பரிசு பின்தொடர்ந்தது. ஹர்ஸ்டனுக்கு அந்த மீட்பு உயிரோடு இருக்கும்போது வரவில்லை. வீட்டுவேலைகூடச் செய்து பிழைத்து, 1960இல் புளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் இறந்தார். அவரைப் புதைத்த இடத்தில் கல்லில்லை. 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் இடுப்பளவு புல் மண்டிய அந்தக் கல்லறைத் தோட்டத்தில் தேடி, இதுவாகத்தான் இருக்கும் என்று பட்ட இடத்தில் ஒரு கல் நட்டார். கல்லில் பிறந்த ஆண்டு 1901 என்று இருக்கிறது. ஹர்ஸ்டன் பிறந்தது 1891இல்.